அசுபக் கடிதாசு

வைத்தீஸ்வரன் ஆபீசிலிருந்து வந்து வாசற்படியில் செருப்பைக் கழற்றும் நேரத்தில்தான் தபால்காரன் கடிதத்தை நீட்டினான். சனிக்கிழமை, அரை நாள் ஆபீஸ். தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாலிகஞ்சில் அப்போதெல்லாம் இத்தனை வீடு கிடையாது. ரயில் ஸ்டேஷனைத் தாண்டினால் குளமும் தோப்பும்தான். பகல் இரண்டு மணிக்குக்கூட அந்தப் பக்கத்திலிருந்து குளிர் காற்று வந்து முகத்தில் அறையும்.

உறையை நகத்தால் கிழித்துக் காகிதத்தைப் பிரித்தான். தலைப்பில் பிள்ளையார் சுழி இல்லை. உள்ளே வைத்த ஒரு காலை அப்படியே வெளியே எடுத்துவிட்டான்.

"காமு, கிட்ட வராதே. நான் வெளியிலேயே இருக்கேன்."

"என்னன்னா? முகம் ஏன் இப்படிப் போயிடுத்து?"

"திருவையாத்துப் பெரியப்பா போயிட்டார். போன திங்கக்கிழமை."

காமு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி வந்த அன்று அவளைப் பார்த்து, "இந்தப் பொண்ணு கல்கத்தாவையே வித்துட்டு வந்துடும்டா" என்று சிரித்தவர் அவர். அதற்குப் பிறகு ஊருக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடிந்தது.

உங்களில் சின்னவர்களுக்குத் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். சாவுச் சேதி வந்த கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே நின்று படிக்க வேண்டும். படித்தவுடன் கிழித்துப் போட்டுவிட வேண்டும். பிறகு கட்டின துணியோடு தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் உள்ளே வரலாம். இன்ன இடத்தில் எழுதியிருக்கிறது என்று யாரும் காட்ட மாட்டார்கள். அப்பா செய்தார், பிள்ளை செய்கிறான், அவ்வளவுதான்.

வைத்தீஸ்வரனும் அதைத்தான் செய்தான். கடிதத்தை நாலாகக் கிழித்தான், எட்டாகக் கிழித்தான், இன்னும் பொடியாக்கிச் சாக்கடையில் போட்டான். வாசல் முற்றத்துக் குழாயைத் திறந்து ஆபீஸ் சட்டையோடு அதன் கீழ் உட்கார்ந்தான். காமுவும் புடவையோடு இரண்டு வாளி விட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கும் பல் கிட்டியது.

எதிரே வெற்றிலைக் கடைப் பலகையில் ஒருத்தன் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அவர்களைப் பார்க்க வந்தவன் இல்லை. அது ஒரே வீடு, இரண்டு குடித்தனம். தெற்குப் பாதியில் இவர்கள். வடக்குப் பாதியில் பள்ளிக்கூட வாத்தியார் அபிநாஷ் சக்ரவர்த்தியும் அவர் மனைவி ஹேமாங்கினியும். கார்த்திகையில் அபிநாஷ் மாஸ்டரிடம் படித்த பையன் ஒருத்தனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்றையிலிருந்து கடைப் பலகையில் இந்த ஆள். அந்த மாதிரி வேவு பார்க்கிற போலீஸ் ஆளை வங்காளிகள் டிக்டிகி என்பார்கள். நம் பல்லிதான். சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்குமே, அதுபோல.

ஒரு மனுஷன் கடிதம் வந்ததும் வீட்டுக்குள் நுழையவில்லை, வாசலிலேயே படித்தான், பொடிப்பொடியாகக் கிழித்தான், சாக்கடையில் விட்டான். டிக்டிகி பார்த்தது அத்தனையும் நிஜம். அவனுக்கு விளங்கினதுதான் ஒன்றுகூட நிஜம் இல்லை. இவர்கள் தலை துவட்ட உள்ளே போனதும் அவன் குனிந்து, சாக்கடையில் மிதந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் கட்டினான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தார்கள். ஐந்து பேர். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள், ஊறுகாய் ஜாடிக்குள் கம்பை விட்டுக் கிளறினார்கள், மெத்தையைக் கிழித்தார்கள். வைத்தீஸ்வரன் சுருக்கெழுத்துக் குமாஸ்தா. அவனுடைய நோட்டுப் புத்தகங்களில் இருந்த கோடுகளையும் வளைவுகளையும் பார்த்ததும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் சர்க்கார் உத்தியோகஸ்தன். இது என் துரை சொல்லச் சொல்ல எழுதினது" என்று இங்கிலீஷில் சொன்னான்.

"அப்படியானால் அந்தக் கடிதத்தை ஏன் அழித்தாய்?"

"அது எங்கள் வழக்கம்."

வந்தவர்களில் பெரியவன் அதைக் கேட்டுச் சிரித்தான். "சாட்சியத்தை அழிப்பது மதராஸிகளுக்கு வழக்கமாம், எழுதிக்கொள்" என்றான்.

சட்டையைக்கூட மாற்றிக்கொள்ள விடாமல் கூட்டிக்கொண்டு போனார்கள். அபிநாஷ் மாஸ்டர் தம் கதவுக்கு வெளியே வந்து, "இவருக்கும் எதற்கும் சம்பந்தமில்லை ஐயா" என்றார். அவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒரு அடி பின்வாங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

முதல் உலக யுத்தம் தொடங்கின மறு வருஷம் சர்க்கார் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஒரு ஆள் மேல் சந்தேகம் இருந்தால் போதும். கோர்ட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம். எங்கே வைத்திருக்கிறோம் என்று பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டாம். ஆறு மாதமோ ஆறு வருஷமோ, அது அவர்கள் இஷ்டம். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் எங்கே இருந்தோம் என்று வாய் திறக்கவில்லை. வராதவர்களைப் பற்றி மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. தெருவே அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, பாதி மூச்சு.

காமுவுக்கு அந்த ஊரில் தெரிந்த பெரிய மனுஷர் ஒருத்தர்தான். பவானிப்பூரில் இருந்த சிவராமகிருஷ்ணன், ஒரு பெரிய ஆபீசில் தலைமை உதவியாளர். வைத்தீஸ்வரனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. மறுநாள் அங்கே நடந்தே போனாள்.

தீட்டுக்காரி என்பதால் படி ஏறாமல் நின்றாள். சிவராமகிருஷ்ணனின் மனைவி ஜலஜா, "தீட்டாவது ஒண்ணாவது, உள்ளே வாடி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"மாமா, உங்களைத்தான் நம்பி வந்திருக்கேன். அந்தக் கடிதாசு பெரியப்பா போன சேதிதான். நீங்க ஒரு வார்த்தை போய்ச் சொன்னா..."

சிவராமகிருஷ்ணன் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "என்னை நேத்திக்கே கூப்பிட்டுட்டா, காமு."

"எங்கே?"

"அங்கேதான். துண்டையெல்லாம் கண்ணாடியிலே ஒட்டி வெச்சிருந்தான். தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். படிச்சேன். பாதித் துண்டு சாக்கடையோட போயிடுத்து, மீதியிலே மை கரைஞ்சிருக்கு. ஆனாலும் சாவுச் சேதிதான்னு சொன்னேன். சொல்லாம இல்லே."

காமு கைகூப்பினாள். "அப்போ விட்டுடுவா, இல்லையா மாமா?"

அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"சொல்லுங்கோளேன்" என்றாள் ஜலஜா. "என்கிட்டே ராத்திரி சொன்னேளே, அதை அவகிட்டேயும் சொல்லுங்கோ."

"நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா அவ அகத்துக்காரர் உள்ளேயே இருப்பார். நானே சொல்றேன், கேட்டுக்கோ காமு. 'இந்தச் சேதி வந்தா கிழிக்கறது உங்க வழக்கமா?'ன்னு அந்த இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கான். 'எங்க ஆத்துலே அப்படிக் கிடையாது'ன்னுட்டு வந்திருக்கார் இந்த மஹானுபாவர்."

காமுவுக்கு முதலில் புரியவில்லை. "போன ஆவணியிலே உங்க அம்மா போன கடிதாசு வந்ததே, மாமி. இதே வாசல்லே மாமாதானே..."

"இவரேதான். கிழிச்சு, குழாயடியிலே உக்காந்து, ஓன்னு அழுதார். நான்தான் முதுகைத் தடவிக் குடுத்தேன். அதெல்லாம் இப்போ நடக்கவேயில்லையாம்."

சிவராமகிருஷ்ணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "அவன் எப்படிக் கேட்டான் தெரியுமோ? 'உங்க வீட்டுலேயும் கடிதங்களைக் கிழிப்பீங்களா?'ன்னு பேனாவைத் தொட்டுண்டு கேட்டான். ஆமான்னு சொன்னா என் பேரையும் எழுதிப்பான். எனக்கு மூணு பொண்ணு, காமு. நாக்கு தானாப் புரண்டுடுத்து. அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிண்டுட்டான்."

காமு அவரைத் திட்டவில்லை. அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்வோம் என்று யாருக்குத் தெரியும்? அவள் எழுந்து, "திரும்பப் போய்ச் சொல்லுங்கோ மாமா" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் சரி என்றா, முடியாது என்றா, அவருக்கே தெரிந்திருக்காது.

நாலாம் நாள் காமுவையே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

சிவப்புச் செங்கல் கட்டிடம். நீளமான தாழ்வாரம். எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாழ்வாரத்தில் நடந்த குமாஸ்தாக்கள் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. காமுவைப் பயமுறுத்தியது அந்த முனகல் இல்லை, அவர்கள் திரும்பாமல் நடந்ததுதான்.

இன்ஸ்பெக்டர் வங்காளி. நடு வயது, மெல்லிய குரல். மேஜைமேல் கமலா ஆரஞ்சு ஒன்றை வைத்துத் தோலை ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் புரியட்டும் என்று வங்காளியில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உட்காருங்கள் அம்மா. உங்கள் கணவர் நல்லவர். அது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்தான் நல்லவரில்லை." ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "அபிநாஷ் சக்ரவர்த்தி அந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடம் கொடுத்து, படித்துவிட்டுக் கிழித்துப் போடச் சொன்னார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். அவ்வளவுதான் இதில் எழுதியிருக்கிறது. ஒரு கையெழுத்துப் போடுங்கள், கணவரை அழைத்துக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாதென்றால் கட்டைவிரல் போதும்."

"தபால்காரன் கொடுத்தான்" என்றாள் காமு தனக்குத் தெரிந்த வங்காளியில். "மாஸ்டர் கொடுக்கவில்லை."

"இருக்கட்டும்" என்றார் அவர், ஏதோ குழந்தை தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி. ஒரு சுளையை எடுத்து நீட்டினார். "இனிப்பாயிருக்கிறது, சாப்பிடுங்கள்."

அவள் வாங்கவில்லை. "அவரைப் பார்க்கணும்."

"பார்க்கலாமே. ஆனால் உங்கள் பாஷையில் பேசக் கூடாது. காவலுக்கு நிற்பவனுக்குப் புரிய வேண்டும். வங்காளியில் பேசுங்கள்."

இரண்டு பேர் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். நாலு நாளாக அவனைத் தூங்க விடவில்லை, உட்கார விடவில்லை என்று கேட்காமலே தெரிந்தது. கால் இரண்டும் வீங்கித் தூண் மாதிரி இருந்தன. பிடித்துக்கொண்டு போன அன்று போட்டிருந்த அதே சட்டை. வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தான். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதின அந்த விரல்கள் கறுத்துப் பருத்துப் போயிருந்தன. இரண்டு விரலில் நகம் இல்லை.

காமு வாயைத் திறந்தாள். "ஏன்..." என்பதற்குள் காவல்காரன் கம்பைத் தரையில் தட்டினான்.

ஆறு வருஷம் குடித்தனம் பண்ணினவர்கள். சண்டை போட்டதும் சமாதானமானதும் ரசத்துக்கு உப்பு போதவில்லை என்று முனகினதும் எல்லாம் தமிழில்தான். இப்போது அவனோடு பேசுவதற்கு அவளிடம் இருந்தது, காய்கறிக்காரியிடமும் பக்கத்து வீட்டிலும் பொறுக்கிச் சேர்த்த இருபது முப்பது வார்த்தை.

"பாலோ ஆச்சோ?" என்றாள். நன்றாயிருக்கிறீர்களா என்று அர்த்தம். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டாள். வேறு வார்த்தை தெரியவில்லை.

"பாலோ ஆச்சி" என்றான் அவன்.

"சாப்பிட்டீர்களா?" அதையும் வங்காளியில் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். பெரியப்பாவுக்குப் பத்தாம் நாள் தர்ப்பணம் பண்ண வேண்டும், வீட்டில் அரிசி இருக்கிறதா, ஊரில் சொல்லலாமா, யாரிடம் போகட்டும் என்று கேட்க ஆயிரம் இருந்தது. ஒன்றுக்கும் வார்த்தை இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

அவன்தான் பேசினான். "ஷொய் கொரோ" என்றான். கையெழுத்துப் போடு. பிறகு அதையே மறுபடி சொன்னான், மறுபடியும் சொன்னான். அடிபட்ட குழந்தை அம்மாவைக் கூப்பிடுகிற குரல். அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனபோதும் தாழ்வாரம் முழுக்க அந்த ஒரே வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தது.

"நாளை மத்தியானம் பன்னிரண்டு மணிவரை" என்றார் இன்ஸ்பெக்டர். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

காமு எப்படி வீடு வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. போட்டுவிடுவது என்று தீர்மானம் பண்ணியிருந்தாள். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. வழியெல்லாம் மனசில் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள். மாஸ்டர் யார்? உறவா, மனுஷாளா? வங்காளிக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எனக்கு ஒருத்தர்தானே. இப்படிச் சொல்லிச் சொல்லி நெஞ்சைக் கெட்டியாக்கிக்கொண்டு வந்தாள்.

முற்றத்தில் ஹேமாங்கினி காத்துக்கொண்டிருந்தாள். காமு அவளை பௌதி என்றுதான் கூப்பிடுவாள், நாம் மன்னி என்கிறோமே, அது.

"பார்த்தாயா? எப்படி இருக்கிறார் உன் கர்த்தா?"

காமு தலையைக் குனிந்துகொண்டாள். "பௌதி, குளிருகிறது அவருக்கு. அதே சட்டை."

ஹேமாங்கினி உள்ளே போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்தாள். காமுவுக்கு அந்த மூட்டை தெரியும். இரண்டு மாதமாக அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தது. என்றைக்குப் போலீஸ் வந்து மாஸ்டரைக் கூப்பிட்டாலும் கையோடு எடுத்துப் போக அவளே கட்டி வைத்தது. அதை அவிழ்த்துத் தடித்த கம்பளி ஒன்றை உருவினாள். அவளுடைய அப்பா டார்ஜிலிங்கில் வாங்கினது.

"இதைக் கொண்டுபோய்க் கொடு."

"இது மாஸ்டருக்கு..."

"அவர் இன்றைக்கு வீட்டில்தானே இருக்கிறார்? பஞ்சு ரஜாயி போர்த்திக்கொண்டு தூங்குவார். உள்ளே இருக்கிறவருக்குத்தான் குளிர்." கம்பளியை அவள் கையில் திணித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னை என்ன கேட்டார்கள், காமு?" என்றாள்.

காமு கம்பளியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். ஹேமாங்கினி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அவள் கம்பளியைத் திருப்பி வாங்கவில்லை. "அழாதே, போய்ச் சாப்பிடு. கிச்சடி வைத்திருக்கிறேன், வெங்காயம் போடவில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அன்றுவரை பகலில் அந்தக் கதவைத் தாழிட்டதில்லை.

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு காமு அந்தச் செங்கல் கட்டிடத்துக்கு வந்தாள். வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சிவராமகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. பக்கத்தில் ஜலஜா.

"ஒரு மணி நேரமா இங்கேயே நிக்கறார்டி" என்றாள் ஜலஜா. "வாசலைப் பார்க்கறார், குடையைப் பார்க்கறார். மழையும் இல்லே, வெய்யிலும் இல்லே, எதுக்குக் குடைன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்லே. நான் போய்ச் சொல்றேன்னேன். 'பொம்மனாட்டி பேச்சை எவன் எடுத்துப்பான்?'ன்னார். 'அப்போ எடுத்துக்கற பேச்சை நீங்க போய்ப் பேசுங்கோ'ன்னேன்."

"வயத்தைக் கலக்கறது, ஜலஜா" என்றார் அவர்.

"கலக்கட்டும். கலக்கிண்டே வாங்கோ."

காமு அவருக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளே போனாள். அன்றைக்கும் மேஜைமேல் ஆரஞ்சு இருந்தது. அன்றைக்கும் அந்தக் காகிதம் இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை மையில் தோய்த்து நீட்டினார்.

அவள் கை பேனாவுக்குப் போகவில்லை, கம்பளியையே பற்றிக்கொண்டிருந்தது. காதுக்குள் அந்த ஷொய் கொரோ ஓயவேயில்லை. "கோர்போ நா" என்றாள். போட மாட்டேன். சொன்ன அந்த நொடியிலேயே அவனைக் கொன்றுவிட்டேன் என்றே அவளுக்குத் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. பேனாவைத் துடைத்து வைத்தார். மணி அடிக்கக் கையை நீட்டினபோது வாசலில் சிவராமகிருஷ்ணன் நின்றார். ஜலஜா முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்க வேண்டும், தடுமாறித்தான் உள்ளே வந்தார்.

"நான் முன்னே சொன்னது பொய்" என்றார் இங்கிலீஷில். "எங்கள் வீட்டிலும் கிழிப்போம். எங்கள் ஜனங்கள் எல்லோருமே கிழிப்போம். போன ஆவணியில் என் மாமியார் இறந்த கடிதத்தை நானே கிழித்தேன்."

"எழுதிக் கொடுப்பீர்களா?"

"கொடுக்கிறேன்."

உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்தே எழுதச் சொன்னார்கள். முப்பது வருஷம் அழகாக எழுதின கை, அன்று கோழி கிளறின மாதிரி எழுதியது. கையெழுத்துப் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மை உலரும்வரை ஊதினார். "எனக்கு இது முதல் நாளே தெரியும்" என்றார். "இந்த ஊரில் மதராஸிகள் வேறே இல்லையா? விசாரித்துவிட்டேன்."

"தெரிந்துமா..." சிவராமகிருஷ்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "தெரிந்துமா அந்தப் பிள்ளையை இப்படி?"

"அந்தப் பிள்ளையை வைத்து நான் கேட்டது வேறே. அது கிடைக்கவில்லை, பரவாயில்லை. இதோ உங்களிடமிருந்து இரண்டு வாக்குமூலம் கிடைத்திருக்கிறது. அதில் ஒன்று பொய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்." இரண்டு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குண்டூசி குத்தினார். "இது இங்கேயே இருக்கும். உங்கள் ஆபீசில் யார் என்ன பேசுகிறார்கள் என்று எப்போதாவது கேட்டு அனுப்புவேன். வருவீர்கள், இல்லையா?"

சிவராமகிருஷ்ணன் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வைத்தீஸ்வரனை விட்டுவிட்டார்கள். குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு மாதத்துக்குள் வங்காளத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஒரு உத்தரவை மட்டும் கொடுத்தார்கள். காமு கம்பளியை அவன் தோளில் போர்த்தி, ஜலஜாவும் தானுமாகத் தாங்கிக் குதிரை வண்டியில் ஏற்றினாள். சிவராமகிருஷ்ணனும் ஜலஜாவும் பவானிப்பூர் முனையில் இறங்கிக்கொண்டார்கள். அன்றையிலிருந்து சிவராமகிருஷ்ணன் எந்த வீட்டிலும் உட்கார்ந்து பேசினதில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். யாராவது பேசத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவாராம், காதில் விழுந்தால் சொல்ல வேண்டி வருமே என்று.

வண்டி குலுங்கியது. வைத்தீஸ்வரன், "கையெழுத்துப் போட்டியா?" என்றான். தமிழில் கேட்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இல்லே."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கோபமா, நிம்மதியா, அவளுக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியபோது வடக்குப் பாதியின் கதவு இரண்டும் அகலத் திறந்திருந்தன. முற்றம் நிறையப் புத்தகங்கள், காகிதங்கள், கிழிந்த தலையணைப் பஞ்சு. நடுவில் ஹேமாங்கினி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவிழ்த்த மூட்டை மடியில் கிடந்தது.

"பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள்" என்றாள். "கையெழுத்து ஒன்றும் வேண்டாமாம். குளித்துவிட்டு வந்தவர், மேலே அங்கவஸ்திரம் மட்டும். ரஜாயியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மெத்தையோடு அதையும் கிழித்துப் போட்டுவிட்டார்கள்."

பன்னிரண்டு மணி. காமு 'கோர்போ நா' என்று சொன்ன அதே நேரம். அவள் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த ஐந்து பேர் இந்த முற்றத்துக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அது விளங்கினபோது காமுவுக்கு அழுகை வரவில்லை, உடம்பு முழுக்கச் சில்லிட்டது.

வைத்தீஸ்வரனைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். இருக்கிற புடவையெல்லாம் எடுத்து அவன்மேல் போர்த்தினாள். அவன் தோளிலிருந்த கம்பளியை மெல்ல உருவி மடித்தாள்.

"எங்கே போறே?" அவன் அவள் முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டான். "காமு, வேண்டாம். அங்கே போகாதே. உன்னையும் வெச்சுண்டுடுவா."

"இது அவரோடதுன்னா. குளிர்லே இருப்பார்."

"வேண்டாம்டி."

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விடுவித்தாள்.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள், கண்ணுகளா. போகவில்லை. அந்தத் தாழ்வாரத்தையும், ஒருத்தரும் திரும்பாமல் நடந்ததையும் நினைத்தாலே அவளுக்குத் திரும்பி உள்ளே போய்விடலாம் போலிருந்தது. முற்றத்தில் இறங்கி, "பௌதி, எழுந்திரு. இரண்டு பேரும் போகலாம். எனக்கு வழி தெரியும்" என்றாள். ஹேமாங்கினி எழுந்து, கலைந்த தலையை முடிந்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

இரண்டு பேரும் கம்பளியை நடுவில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். வெற்றிலைக் கடைப் பலகையிலிருந்து அந்த ஆள் எழுந்து பின்னாலேயே வந்தான். அவன் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காமு திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.